இருபத்தைந்து குதிரை, நாலு டயர்

ஹூண்டாய் ஐ20 பிறக்கும் தொழிற்சாலையும் சென்னையின் கார் பந்தயத் தடமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன: இருங்காட்டுக்கோட்டை. தடம் 1990இல் திறக்கப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ 1998இல் வெளியே வந்தது. பூந்தமல்லியில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால், செம்பரம்பாக்கம் தாண்டி அரைமணி நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம், லாரிகள் மனது வைத்தால். அந்த ஐ20யின் சற்று முறுக்கான வடிவம் ஐ20 என் லைன். அதை அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்னும் முறுக்கேற்றி, பிறந்த ஊருக்கே திரும்பக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்த கதைதான் இந்த விமர்சனம்.

கார் என்னுடையது அல்ல. எஸ்டேட்டில் சிஎன்சி பட்டறை நடத்தும் நண்பருடையது. ஷோரூமிலிருந்து வந்த நிலையில் ஓட்டியிருக்கிறேன். பிறகு ஒவ்வொரு மாற்றமும் சேரச் சேர ஓட்டினேன். முதலில் சைலன்சர், அடுத்து ஏர் ஃபில்டர், அதற்கப்புறம் ஸ்டேஜ் 1 ரீமேப், எல்லாம் முடிந்து கையில் காசு மிஞ்சியபோது டயரும் பிரேக் பேடும். அவர் செலவு செய்த வரிசை இது. அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு பக்கம் வண்டி மாற்றுகிற பையன்கள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். ஓட்டிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதற்கு நேர் எதிரான வரிசை.

அடிப்படைக் காரைப் பார்த்துவிடுவோம். 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் பாய்ச்சும் எஞ்சின். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 120 பிஎஸ் திறன். 1,500 முதல் 4,000 சுற்று வரை 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2021 செப்டம்பரில் என் லைன் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி, அல்லது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்று இரண்டே வழிதான். 2023இல் முகம் மாறியபோதுதான் மூன்று பெடலோடு ஆறு கியர் மேனுவல் கிடைத்தது. நண்பருடையது அந்த மேனுவல். என் லைன் என்றதும் எஞ்சின் வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இரட்டைக் குழல் சைலன்சர், சிவப்புத் தையல். எஞ்சின் அந்தக் காலத்துச் சாதாரண ஐ20 டர்போவில் இருந்ததேதான்.

ஸ்டாக் நிலையில் இது நல்ல கார், வேகமான கார் அல்ல. 2,000 சுற்றுக்குக் கீழே தூங்கும். அங்கிருந்து 4,500 வரை இழுவை இனிமையாக இருக்கும். 5,500 தாண்டினால் மூச்சு வாங்கும். பாடி மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது முகத்தில் சிரிப்பு வரும். நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ்ஸை முந்தும்போது இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றும். அந்த "இன்னும் கொஞ்சம்" என்பதில்தான் ஒரு தொழிலே நடக்கிறது.

அந்தத் தொழிலுக்கு இந்தப் பகுதியைவிடப் பொருத்தமான மண் தமிழ்நாட்டில் குறைவு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. பாடியில் லூக்காஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூரில் டிஐ சைக்கிள். இவற்றுக்கு உதிரி செய்து கொடுத்தே வளர்ந்த லேத் பட்டறைகளும் கியர் வெட்டும் கடைகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு ஃபிளேஞ்ச் வேண்டும், ஃபிளைவீலில் இரண்டு கிலோ குறைக்க வேண்டும், ஸ்டெயின்லெஸ் குழாயை வளைத்து ஆர்கான் வெல்டிங் அடிக்க வேண்டும் என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். வரைபடம்கூட வேண்டாம், பழைய பாகத்தைக் கையில் கொடுத்து "இதே மாதிரி, ஆனா ரெண்டு மில்லி தடிமனா" என்றால் போதும். பந்தயமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் உருவானது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன் செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள். விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியது அங்கேதான்.

இன்னொரு பக்கம் ஆவடி. 1961இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா தொடங்கி அர்ஜுன் வரை டாங்கிகளைச் செய்த இடம். குதிரைத்திறன் மயக்கத்தில் இருப்பவர்களுக்கு அர்ஜுனைக் காட்டினால் போதும். அதன் எஞ்சின் 1,400 குதிரைத்திறன். எடை 58 டன்னுக்கு மேல். டன்னுக்குக் கணக்குப் போட்டால் 24 குதிரைதான் தேறும். நம் ஐ20யில் ஓட்டுநரையும் உட்கார வைத்து நிறுத்தினால் 1,170 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். டன்னுக்கு 100 குதிரைக்கு மேல் வருகிறது. மொத்தக் குதிரையைப் பார்க்காதே, எடையால் வகுத்துப் பார் என்பதுதான் நேர்கோட்டில் வேகம் பார்க்கும் டிராக் (drag) பந்தயத்தின் முதல் கணக்கு.

இரண்டாவது கணக்கு கொஞ்சம் கசப்பு. கால் மைல், அதாவது 402 மீட்டரை ஒரு கார் எத்தனை வினாடியில் கடக்கும் என்பதற்குப் பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. நேரம் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தைப் பின்பற்றும். கனமூலம் என்பதுதான் வில்லங்கம். திறனை 20 சதவீதம் கூட்டினால் நேரம் 6 சதவீதம்தான் குறையும். 120 பிஎஸ் ஐ20க்கு அந்தச் சூத்திரம் தரும் நேரம் சுமார் 16.3 வினாடி. 25 பிஎஸ் கூட்டினால் 15.3. ஒரு வினாடி லாபம். எஞ்சினைத் தொடாமல் 100 கிலோ எடையைக் குறைத்தால் 15.8, அரை வினாடி. ஸ்டெப்னி, டிக்கியில் கிடக்கும் டூல்ஸ், சப்வூஃபர் பெட்டி, பின்சீட் நண்பர் எல்லாம் சேர்த்தால் நூறு கிலோவை எளிதாகத் தாண்டும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்த அரை வினாடிக்காகச் சைலன்சர் கடையில் பணம் கட்டுபவர்கள் நிறைய.

சைலன்சருக்கே வருவோம். ஜி.பி. ரோட்டில் ரெடிமேடாகக் கிடைக்கும். எஸ்டேட்டில் அளவெடுத்துச் செய்தும் தருவார்கள். நண்பர் செய்துகொண்டது பின்பக்கப் பெட்டியை மட்டும் மாற்றும் ஃப்ரீ-ஃப்ளோ. வேலைப்பாடு அருமை, வெல்டிங் கோடு ஒன்றுக்கொன்று பிசகாமல் இருந்தது. ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காரணம் எளிது. டர்போ எஞ்சினில் புகை முதலில் டர்பைன் வழியாகவும் அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வழியாகவும் பிதுங்கி வர வேண்டும். நெருக்கடி அங்கேதான். வாலில் குழாயை அகலப்படுத்துவதால் அது தீராது. தவிர, எஞ்சினை நடத்தும் கணினியான இந்தக் கால ஈசியு "இந்தச் சுற்றில் இவ்வளவு முறுக்குவிசை" என்று ஒரு இலக்கை வைத்திருக்கிறது. பின்னால் வழி கொஞ்சம் இலகுவானால் டர்பைனைச் சுற்றிப் புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, பழைய இலக்கிலேயே நிறுத்திக்கொள்ளும். கூடியது சத்தம் மட்டும். அதுவும் மூன்று சிலிண்டர் சத்தம். 2,500 சுற்றில் காருக்குள் ஒரு ரீங்காரம் காதைக் குடையும். நண்பரின் மனைவி ஒரே வாரத்தில் பழைய பெட்டியை மாட்டச் சொல்லிவிட்டார். நானும் அவர் கட்சி.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்கும் "பாப்ஸ் அண்ட் பேங்ஸ்" மேப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எரிய வேண்டிய பெட்ரோலைச் சிலிண்டரில் முழுதாக எரிக்காமல், தீப்பொறியைத் தாமதப்படுத்தி, புகைக்குழாயில் எரிய விடுவதுதான் அந்தச் சத்தம். அந்தச் சூட்டைத் தாங்குவது டர்பைன் சக்கரமும் கன்வெர்ட்டரும். இரண்டும் காரின் விலையுயர்ந்த பாகங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகப்பேரில் தூங்குகிறவர்கள் பாடு தனி.

ஏர் ஃபில்டரில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காரும், கழுவி மாட்டக்கூடிய துணி ஃபில்டர். கெடுதல் இல்லை, பலனும் கண்ணுக்குத் தெரியவில்லை. பெட்டியையே கழற்றிவிட்டு பானட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் வைப்பதைத் தவிருங்கள். கம்பெனிப் பெட்டி முன்பக்கத்துக் காற்றை எடுக்கிறது. கூம்பு எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை உறிஞ்சும். 20 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. பட்டரவாக்கம் சிக்னலில் மே மாதம் நின்றால் பானட்டுக்குள் 40 என்பதெல்லாம் குளிர்காலம்.

இனி ரீமேப். எஞ்சினுக்குச் செலவழித்ததில் காரை உண்மையிலேயே மாற்றியது இதுதான்.

ஸ்டேஜ் 1 என்றால் ஒரு பாகத்தையும் மாற்றாமல் ஈசியுவில் இருக்கும் அட்டவணைகளை மட்டும் திருத்துவது. எந்தச் சுற்றில், எந்த பாரத்தில் டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும், தீப்பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழ வேண்டும், பெட்ரோல் எவ்வளவு, முறுக்குவிசையின் உச்சவரம்பு என்ன என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள். டியூனர் லேப்டாப்பை ஓபிடி துளையில் செருகி, கம்பெனிக் கோப்பைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதுகிறார். சில ஈசியுக்கள் அந்தத் துளை வழியாக இடம் கொடுக்காது. பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் எழுத வேண்டும். இதற்கு மலிவான மாற்று டியூனிங் பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டி. அது ஈசியுவைத் தொடாது. அழுத்தம் அளக்கும் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உள்ளதைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றும். சர்வீசுக்குப் போகும்போது கழற்றிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் தீப்பொறி நேரம் அதன் கையில் இல்லை. ஒரு பொய்யை வைத்து முழு எஞ்சினையும் நடத்துவதைவிட, உண்மையைத் திருத்தி எழுதுவது மேல்.

இந்த அளவு எஞ்சின்களுக்கு டியூனர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 20 முதல் 25 பிஎஸ், 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் கூடுதல். நண்பரின் டியூனர் அமைதியான மனிதர். உச்ச எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. நண்பரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, நிறைய வேணுமா, நாளைக்கும் வேணுமா?" நண்பர் நாளைக்கும் வேண்டும் என்றார்.

ஓட்டத்தில் வித்தியாசம் முதல் சிக்னலிலேயே தெரிந்தது. 2,000 சுற்றில் இருந்த தூக்கம் 1,700க்கு இறங்கியிருந்தது. நடுவில் இருந்த இனிமை திமிராக மாறியிருந்தது. மூன்றாவது கியரில் கால் வைத்தால் ஸ்டியரிங் லேசாகப் பக்கவாட்டில் இழுத்தது. 5,500க்கு மேல் மூச்சு வாங்குவது மட்டும் அப்படியே. டர்போ சின்னது, மேலே அதற்கு நுரையீரல் போதாது. அட்டவணையைத் திருத்தி டர்போவைப் பெரிதாக்க முடியாது. எனவே சிவப்புக் கோடு வரை விரட்டுவதில் அர்த்தமில்லை. 5,500இல் கியர் மாற்றினால் கார் வேகம். ஆக்சிலரேட்டர் உணர்ச்சியும் மாறியிருந்தது. சில டியூனர்கள் பெடலை மட்டும் கூர்மையாக்கிவிட்டு அதையே திறன் என்று விற்பார்கள். இங்கே இரண்டும் இருந்தது, பெடல் கூர்மை கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. ஊர்ந்து போகும் எம்டிஹெச் ரோட்டில் கார் துள்ளியது.

முதலில் எழுதிய மேப்பில் ஒரு தொல்லை வந்தது. நாலாவது கியரில் முழுதாக மிதித்தால் சுற்று ஏறியது, வேகம் கூடவே ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. 172 நியூட்டன் மீட்டருக்கு அளவெடுத்த கிளட்சின் மேல் 220ஐ ஏற்றினால் அது என்ன செய்யும்? டியூனர் ஓட்டத்தில் பதிவான லாக் கோப்பைப் பார்த்து, 2,500 சுற்றுக்குக் கீழே முறுக்குவிசையை மட்டுப்படுத்தி எழுதிக் கொடுத்தார். வழுக்கல் நின்றது. காகிதத்தில் எண் குறைந்தது; காரில் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படி மட்டுப்படுத்தியதில் கிளட்சைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. சின்ன டர்போ எஞ்சின்களில், நேரடிப் பாய்ச்சலும் சேர்ந்தால், எல்எஸ்பிஐ என்று ஒரு நோய் இருக்கிறது. குறைந்த சுற்றில், அதிக பாரத்தில், தீப்பொறி விழுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. சாதாரண நாக்கிங் தட்டும். இது ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. ஆறாவது கியரில் 60இல் போய்க்கொண்டே, கியர் குறைக்காமல் தரையோடு மிதிப்பதுதான் அதற்கு நேரடி அழைப்பு. மாருதியோ அம்பாசடரோ ஓட்டிப் பழகிய தலைமுறைக்குப் பெரிய கியரில் ஓட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை. ரீமேப் செய்த டர்போவில் அது ஆபத்து. கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். எஞ்சின் ஆயிலில் ஏபிஐ எஸ்பி என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். இந்த நோயைக் கணக்கில் வைத்து 2020இல் வந்த தரம் அது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிரவும் வைக்கும். டியூனருக்கு இரண்டும் நல்ல செய்தி. ஆனால் ஒரு லிட்டரில் உள்ள சக்தி தூய பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு, அதனால் அதே வேலைக்கு இன்ஜெக்டர்கள் அந்த அளவு கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். சில வருடங்களுக்கு முன் எழுதிய மேப்பை இன்றைய பெட்ரோலில் அப்படியே நம்பக் கூடாது. 100 ஆக்டேன் எக்ஸ்பி100க்கு என்றே மேப் எழுதிக்கொள்பவர்களும் உண்டு. அது எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை. திருவள்ளூர் தாண்டி ஒரு ஊரில் கிடைத்ததை ஊற்றிக்கொண்டு மலைமேல் ஏறும் நாளும் வரும். எந்தப் பெட்ரோல் எப்போதும் கிடைக்குமோ அதற்கே மேப் எழுதச் சொல்லுங்கள்.

திறன் அளக்கும் டைனோ இயந்திரம் தரும் தாள் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி சொல்லும் 120 பிஎஸ் எஞ்சினின் தண்டில் அளந்தது. டைனோ அளப்பது சக்கரத்தில். நடுவே கியர்பாக்ஸும் தண்டுகளும் தின்பது போக மிச்சம் கணிசமாகக் குறையும். "முன்பு" என்பதைச் சக்கரத்திலும் "பின்பு" என்பதைத் தண்டுக்கு மாற்றிக் கணக்கிட்டும் போட்டால் எந்தக் காரும் புலியாகிவிடும். ஒரே நாள், ஒரே கியர், ஒரே மின்விசிறி, இரண்டு கோடும் ஒரே தாளில். அப்படித் தர முடியாதவரின் தாளுக்கு மதிப்பில்லை.

எனக்கு டைனோவைவிட நம்பிக்கை டிராகி என்ற சிறு ஜிபிஎஸ் பெட்டி மேல். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது; கண்ணாடிக்கு அருகே வைத்து, ப்ளூடூத்தில் ஃபோனோடு இணைத்தால் 0–100, கால் மைல் எல்லாம் சொல்லும். ஃபோனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஃபோன் பொதுவாக வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைப் பார்க்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் கார் 28 மீட்டர் ஓடிவிடும். டிராகி வினாடிக்குப் பத்து முறை பார்க்கிறது. சாலை சரிவையும் அளக்கிறது. மேம்பாலத்தின் இறக்கத்தில் எடுத்த நேரத்தைச் செல்லாது என்று காட்டிவிடும். குறை: ஆப் மட்டும் ஊர் ஊராகப் போட்டிப் பட்டியல் காட்டி ஆசை தூண்டுகிறது. அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்ளலாம்.

கால் மைல் முடிவில் காட்டும் வேகத்தைத் தனியாகப் பாருங்கள். நேரம் டயரின் பிடியைச் சொல்லும். முடிவு வேகம் எஞ்சினின் திறனைச் சொல்லும். நான் மேலே சொன்ன சூத்திரத்தின் சகோதரன் ஒன்று உண்டு. அதன்படி 120 பிஎஸ்ஸுக்கு 135 கிலோமீட்டர், 145க்கு 143 அல்லது 144. முடிவு வேகம் கூடியிருந்து நேரம் அப்படியே இருந்தால் குதிரைகள் டயரில் புகையாகப் போகின்றன என்று அர்த்தம்.

நண்பரின் காரில் நடந்தது அதுதான். இருங்காட்டுக்கோட்டையில், அனுமதி வாங்கி, தடத்தின் நேர்கோட்டில் நின்ற இடத்திலிருந்து கிளப்பினோம். முதல் கியரில் சக்கரம் சுழன்றது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினின் கழுத்தைப் பிடித்தது, இரண்டாவது கியரில் மறுபடி அதே கதை. முன்சக்கர இழுவைக் காரில் இது விதி. வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் அந்த நேரம் பார்த்து லேசாகும். டிராக் பந்தயத்தில் முதல் 60 அடி, ஏறக்குறைய 18 மீட்டர், மொத்த ஓட்டத்தையும் தீர்மானிக்கும் என்பார்கள். அந்த 18 மீட்டரில் கூடுதல் 25 குதிரையால் ஒரு உபயோகமும் இல்லை. தொந்தரவுதான்.

அப்புறம் டயர் மாற்றினார். அதே 195/55 ஆர்16 அளவு, மென்மையான ரப்பர், நல்ல கம்பெனி. நாலும் சேர்த்து நாற்பதாயிரத்தை நெருங்கியது. கூடவே கூடுதல் சூடு தாங்கும் பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும். எனக்கு இது வேறு கார். கிளப்பும்போது ஒரு சிறு கீச்சு, பிறகு பிடி. திருப்பத்தில் முன்பெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு போன மூக்கு சொன்ன இடத்தில் நின்றது. 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம் உள்ள அந்தத் தடத்தில் ரீமேப் நேர்கோட்டில் தந்ததைவிட டயர் திருப்பங்களில் தந்தது அதிகம் என்று எனக்கு ஓட்டும்போதே தெரிந்தது. பழைய பேடுகள் சில சுற்றிலேயே மணம் பரப்பி, பெடல் ஆழமாக இறங்கிய இடம் அது. புதியவை கடைசி வரை ஒரே மாதிரி கடித்தன. 100இல் நிறுத்துவதைவிட 120இல் நிறுத்த 44 சதவீதம் கூடுதல் சூட்டைப் பிரேக் விழுங்க வேண்டும். வேகத்தைக் கூட்டி பிரேக்கை விட்டுவைப்பவர் இந்தக் கணக்கைப் போடாதவர்.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் இருந்தது. கோவை ஜெயம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்களைக் கொண்டுவந்தன. 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ். எஞ்சினோடு சஸ்பென்ஷனையும் மாற்றி, உயரத்தையும் 4 மில்லிமீட்டர் இறக்கி, பெரிய சக்கரம் போட்டு, கம்பெனி வாரண்டியோடு ஷோரூமில் விற்றார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதும் பானட்டுக்குள் உள்ளதும் ஒன்றாக இருந்தது. பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்ததோடு அவை போயின. வாங்கி வைத்திருப்பவர்கள் விற்காதீர்கள்.

ஆர்.சி. என்றதும் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அளவு மீறிய சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 வரை. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் ஒரு வருடம் வரை. இன்னொன்றைப் பலர் படிப்பதில்லை: வழக்கமான காப்பீட்டுப் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு. தடத்தில் முட்டினால்கூடச் செலவு உங்களுடையது. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் சாலையில் முட்டினாலும் இழப்பீட்டில் சிக்கல் வரும். கம்பெனி வாரண்டியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை இரவில் பலருக்கு டிராக் ஸ்ட்ரிப்பாகத் தெரிகிறது. நேராக இருக்கிறது, அகலமாக இருக்கிறது, உண்மைதான். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிப்பர் லாரியும், நடுவில் படுத்திருக்கும் மாடும் இருக்கின்றன. என் கணக்கில் இது தைரியப் பிரச்சினையே அல்ல, நேரப் பிரச்சினை: நெமிலிச்சேரியிலிருந்து அதே சாலையில் தெற்கே வந்து நசரத்பேட்டையில் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டைதான். அங்கே மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயச் சுற்றுகள் நடந்திருக்கின்றன, நம் காரையே தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்களும் (track day) உண்டு. மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் நுழைவுக் கட்டணத்துக்குள் அடக்கம்.

இனி தீர்ப்பு. ஐ20 என் லைன் மேனுவலில் செய்யத் தகுந்த வேலைகள், பணம் போடும் வரிசையில்: டயர், பிரேக் பேடும் ஆயிலும், ஒரு டிராக் டே, அதற்கப்புறமும் போதவில்லை என்றால், சட்டத்தையும் வாரண்டியையும் தெரிந்தே தாண்டுகிறோம் என்ற நினைப்போடு ஸ்டேஜ் 1. ஏர் ஃபில்டருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். சைலன்சர் வேண்டவே வேண்டாம். ஸ்டேஜ் 2க்கு டவுன்பைப், கன்வெர்ட்டர் நீக்கம் என்று போகிறவர்கள் இந்தக் காரை விற்றுவிட்டுப் பெரிய எஞ்சின் கார் வாங்குவது மலிவு. ரீமேப் செய்துகொள்ள முடிவெடுத்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: டியூனரிடம் உச்ச பிஎஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பகல் இரண்டு மணி வெயிலில், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் நாக்கிங்கால் தீப்பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியது என்பதும் பதிவான லாக் கோப்பைக் கேளுங்கள், கம்பெனியின் அசல் கோப்பையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தர மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.